கடல் கடந்தவர்க்குக் காவல் யார்?

எட்டியாந்தோட்டைக்கு அப்பாலுள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தாயார் சொல்லச் சொல்ல, உயர்தர வகுப்பிற் படிக்கும் இளைய மகள் எழுதிய கடிதம் அது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது; செய்திதான் நெஞ்சை அழுத்துகிறது.

மூத்த மகள் குவைத்து நாட்டிலே ஒரு வீட்டிற் பணிப்பெண்ணாக இருக்கிறாள். போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதலாம் ஆண்டு பணம் தவறாமல் வந்தது. லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். அடகிலிருந்த நகையை மீட்டார்கள். பிறகு பணம் சுணங்கிச் சுணங்கி வந்து, இப்போது ஐந்து மாதங்களாக ஒன்றுமே இல்லை. கடவுச்சீட்டை வீட்டு எசமானி வாங்கி வைத்துக்கொண்டாளாம். மகள் பேசுவது வாரத்தில் ஒரு நாள். அதுவும் எல்லோரும் உறங்கிய பின், குசினி மூலையில் நின்றபடி. அவள் விட்டுச்சென்ற பெண்குழந்தைக்கு நான்கு வயது. பகலிற் பிள்ளைக் காம்பிராவிலும் இரவில் அம்மாயியின் அணைப்பிலும் வளர்கிறது. தொலைபேசியில் முகம் தெரிந்தால், “அம்மா போனுக்குள்ளே இருக்கு” என்று பக்கத்துக் காம்பிராவுக்கெல்லாம் ஓடிச் சொல்லுகிறதாம்.

தாயார் இரண்டு கேள்விகள் கேட்கிறார். முதலாவது: “இதை நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? துரையிடமா, கிராம சேவகரிடமா? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளை இந்தப் பக்கம் இருக்கிற யார் கேட்பார்கள்?” இரண்டாவது: ஆள் அனுப்பும் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இளையவளையும் அனுப்பினால் மூத்தவளின் கடனும் தீரும் என்கிறாராம். அவளுக்குப் பதினேழு வயதுதானே என்றதற்கு, “வயதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாராம். அனுப்பலாமா?

இந்த இரண்டாவது கேள்வியையும் இளைய மகளின் கையே எழுதியிருக்கிறது என்பதை வாசக நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்த வரியில் மட்டும் எழுத்துச் சற்றே சாய்ந்திருக்கிறது.

விடை கூறுமுன், இக்குடும்பம் நிற்கின்ற மலைச்சரிவின் பழங்கதையைக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறோம். மாணவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும். ஏனெனில் முதற் கேள்வியின் விடை இதற்குள்ளேதான் இருக்கிறது.

அத்தாயாரின் பாட்டனார் காலத்தில், கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்களே கடல் கடந்து வந்தவர்களாகக் கருதப்பட்டனர். அன்று அவர்களுக்காகக் கேள்வி கேட்க ஓர் அரசாங்கம் இருந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு தொடக்கம் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கண்டியில் அமர்ந்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, சம்பளம் ஒழுங்காகக் கொடுபடுகிறதா, லயங்கள் மனிதர் வாழத்தக்கனவா, வைத்தியம் கிடைக்கிறதா என்று விசாரித்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவது அவர் கடமை. பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதலாவது வெளிநாட்டுச் செயலாளராக விளங்கிய கே. பி. எஸ். மேனன் அவர்களும் அப்பதவியில் இருந்தவரே. அது ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் அரசாங்கந்தான். தன் வீட்டிலேயே அதிகாரம் இல்லாத ஒரு நாட்டின் குரல்தான். ஆயினும் அக்குரலுக்குப் பயன் இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அச்சட்டப்படி 1929 தொடக்கம் தாழ்நாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதமும், பெண்ணுக்கு 40 சதமும், பிள்ளைக்கு 30 சதமும் விதிக்கப்பட்டன. பெண்ணின் கூலியில் அந்தப் பத்துச் சதத்தைக் குறைத்தது யாருடைய நியாயமோ நாம் அறியோம். கொழுந்து பறிப்பதும், மழைக்கு முன் ஓடிச்சென்று பால் எடுப்பதும் பெண்ணுக்குப் பத்துச் சதம் இலகுவான வேலையா? ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டங்களிற் சமமான கூலி வருவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1946இல் கேகாலை மாவட்டத்து உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரித்து, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறும்படி கட்டளையிட்டபோது, சுற்றுப்புறத் தோட்டங்களெல்லாம் வேலையை நிறுத்தின. மூத்தோர் சிலர் இன்றும் அக்கதையைப் பெற்றோர் சொல்லக் கேட்டதாகச் சொல்வர். அதற்கு இரண்டே ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இலங்கைப் பிரஜைகளாகக் கணிக்கப்படவில்லை. இந்தியாவும் அவர்களைத் தானாகவே தன் பிரஜைகளாக எடுத்துக்கொள்ளவில்லை. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. மற்றையோர் நாடற்றவர். நாடற்றவர் என்னும் சொல்லைப் பாடப்புத்தகத்திற் படிக்கும் மாணவர், அதன் பொருளை இப்படி எண்ணிப் பார்க்கலாம்: உமக்கு ஒரு தீங்கு நேர்ந்தால், “இவர் எம்மவர்” என்று சொல்லிக்கொண்டு வாசற்படி ஏறுவதற்கு உலகில் எந்த அரசாங்கமும் கடமைப்பட்டதாக இல்லை.

அந்த இருண்ட காலத்திலும் ஓர் உதவி உண்டாயிற்று. இந்திய ஹைகமிஷனராக 1947 முதல் 1951 வரை கொழும்பில் இருந்த வி. வி. கிரி அவர்களின் முயற்சியோடு தோட்டத் தொழிலாளர் கல்வி நிதி அமைந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் அந்நிதி, லயத்திலிருந்து ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் பட்டதாரிகளையும் உருவாக்கத் துணைநின்றது. அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் பெரிய கடன்களைவிட, இத்தகைய சிறு தொகை ஒரு குடும்பத்தின் திசையையே மாற்றிவிடுகிறது என்பது எம் எண்ணம்.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை யாவரும் அறிவர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பற்றி இரு பிரதமர்கள் கணக்குப் பார்த்தனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்பட. பத்தாண்டின் பின் அந்த மிகுதியையும் பாதி பாதியாகப் பகிர்ந்தனர். கணக்குச் சரிதான். அக்காள் ஒரு கணக்கிலும் தம்பி மறு கணக்கிலும் விழுந்த குடும்பங்களைத்தான் அக்கணக்கிற் காணமுடியாது. சப்பிரகமுவாவில் இறப்பர் மரத்திற் பால் வெட்டிப் பழகிய கைகளிற் பல, கேரளத்துப் புனலூரிலும், கன்னடத்துச் சுள்ளியாவிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும் தாயகம் திரும்பியோருக்காக நட்ட இறப்பர்த் தோட்டங்களிற் போய் அதே தொழிலைத் தொடர்ந்தன. 1977ஆம் ஆண்டிலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் நடந்த கொடுமைகளின் பின் வடக்கே வவுனியாக் காடுகளுக்குப் போனவர்களும் உண்டு. போகாமல் இருந்தவர்களின் பிள்ளைகளே இன்று இத்தோட்டங்களில் வாழ்கின்றனர்.

நாடற்றோர் நிலை சட்டப்படி முற்றாக நீங்கியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேதான். அதே 2003ஆம் ஆண்டிலே வேறொரு திருத்தமும் நிறைவேறிற்று. பெண்கள் அதனை மறக்கலாகாது. 1948 தொடக்கம் பிரஜாவுரிமை தந்தை வழியாக மட்டுமே பிள்ளைக்கு இறங்கியது. அத்திருத்தத்தின் பின் தாய் வழியாகவும் இறங்குகிறது.

ஆகவே, கடிதம் எழுதிய அம்மையீர், குவைத்திலிருக்கும் உங்கள் மகள் உங்கள் பாட்டனாரைப்போல் நாதியற்றவள் அல்லள். அவள் இலங்கைப் பிரஜை. அவளுக்காக வாசற்படி ஏறுவது ஓர் அரசாங்கத்தின் கடமை; நாம் இரந்து கேட்கும் தயவு அன்று. 1963ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கை, வெளிநாட்டிலுள்ள தன் பிரஜைக்கு உதவுவதைத் தூதரகத்தின் தொழில்களில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. ஒருவர் அங்கே காவலில் வைக்கப்பட்டாலும், அவர் கேட்டுக்கொண்டால், அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும்.

குவைத்து நாட்டின் சட்டமும் உங்கள் மகளின் பக்கமே பேசுகிறது. அங்கே 2015ஆம் ஆண்டில் வீட்டுப் பணியாளருக்கென்று 68ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு. ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை. எசமானர் கடவுச்சீட்டைப் பறித்து வைக்கலாகாது. அடுத்த ஆண்டில் மாதச் சம்பளம் 60 தினாருக்குக் குறையக்கூடாதென்றும் கட்டளை பிறந்தது. வளைகுடா நாடுகளில் இத்தகைய சட்டத்துக்கு இது ஒரு நல்ல முன்மாதிரி என்றே பலர் மதித்தனர். ஏட்டிலுள்ள சட்டம் குசினி மூலைவரை நடந்து போவதில்லை என்பது வேறு கதை. எனினும், ஏட்டில் இருப்பதைத் தெரிந்து கேட்பவளுக்கும், ஒன்றுந் தெரியாமல் அழுபவளுக்கும் வித்தியாசம் உண்டு.

செய்யவேண்டியது என்னவென்றால், முதலில் மகள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவு செய்து போனாளா என்று பாருங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பணியகம் அது. பதிவு செய்தவளாயின், பதிவுப் பத்திரம், வேலை ஒப்பந்தத்தின் பிரதி, அனுப்பிய முகவர் நிலையத்தின் பெயர் ஆகியன வீட்டுத் தகரப் பெட்டியில் எங்கேனும் இருக்கும். அவற்றோடு உங்கள் பிரதேச செயலகத்துக்குச் சென்று, வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். பத்தரமுல்லையிலுள்ள தலைமைப் பணியகத்துக்கும் எழுத்திலே முறைப்பாடு கொடுக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம். அங்கிருந்து குவைத்திலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொழிற் பிரிவுக்கு விஷயம் போகும். எசமானரை அழைத்துப் பேசுவதும், சம்பள நிலுவையைக் கோருவதும், தங்க இடமில்லாத பெண்ணைப் பாதுகாப்பு இல்லத்திற் சேர்ப்பதும் அப்பிரிவின் வேலை. ஆனால் மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: கோபத்திலோ பயத்திலோ அவ்வீட்டைவிட்டு வேறொரு வீட்டுக்கு ஓடி வேலை செய்யத் தொடங்கினால், எசமானர் அவள்மீதே வழக்குப் போட இடமுண்டாகிறது. ஓடத்தான் வேண்டுமென்றால் தூதரகத்தை நோக்கி ஓட வேண்டும்.

“பிரதேச செயலகத்தில் எல்லாம் சிங்களத்திலேதான் நடக்கும், எங்களுக்கு எழுதத் தெரியாதே” என்று பின்னிற்க வேண்டாம். சப்பிரகமுவாத் தோட்டத்தார் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழ்வதால் இந்தக் கூச்சம் அதிகம் என்பது எமக்குத் தெரியும். ஆனால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, எந்த உத்தியோகத்தரோடும் தமிழில் அலுவல் நடத்தவும், தமிழில் மறுமொழி பெறவும் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்துப் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரையில்லாத முறைப்பாடு காற்றிற் சொன்ன சொல்.

கடதாசியின் பெருமையைத் தோட்டத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கடன் எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. கடதாசி நமக்கு விலங்காக இருந்த காலம் அது. அதே கடதாசி கைகொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. 1990 ஆகஸ்ட் 2ஆந் திகதி ஈராக்கியப் படை குவைத்தினுள் நுழைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் இலங்கையர் அங்கே அகப்பட்டனர். பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் நாட்டுக் கூடாரங்களிற் கிடந்து, உடுத்த துணியோடு வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். பின்னர் ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அங்கிருந்து வெளியேறியவர் ஒவ்வொருவருக்கும் 2,500 அல்லது 4,000 டொலர் என்று விதித்துக் கொடுத்தது. அரசாங்கத்தின் மூலமாக விண்ணப்பித்து, தாம் குவைத்தில் இருந்ததைக் காட்டியவர்களுக்கே அப்பணம் கிடைத்தது.

பதிவில்லாமற் போகிறவர்களின் கதை வேறு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஓமான் நாட்டிலிருந்து வந்த செய்திகளை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். சுற்றுலா விசாவிற் கொண்டுபோகப்பட்ட பெண்கள் விலைபேசப்பட்டனர் என்று குற்றச்சாட்டு எழுந்து, அங்கிருந்த தூதரக அலுவலர் ஒருவரே கைதாகும் அளவுக்கு விவகாரம் முற்றியது. வேலியே பயிரை மேய்ந்ததாகச் சொல்லப்படும் விவகாரம் அது. இங்கே எமது அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போகக்கூடாதென்று குடும்பப் பின்னணி அறிக்கை விதி வந்தது. 2022இல் அது தளர்ந்தது. பிள்ளைகளின்மீது அக்கறையால் வந்த விதிதான். ஆனால் அறிக்கை தாயிடம் மட்டுமே கேட்கப்பட்டது; தகப்பன் போகும்போது எவரும் கேட்கவில்லை. வீட்டில் அரிசி இல்லாதபோது வாசற்கதவை அடைத்தால், போகிறவள் பின்கதவால் போவாள். பின்கதவில் நிற்பவர் தரகர்.

ஏன் போகிறார்கள் என்று நகரத்தார் சிலர் கேட்கிறார்கள். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது உண்மை. கேகாலையில் மழை பெய்யும் நாட்களை எண்ணிப் பார்த்தவர்கள் அக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு விடை ஒரு சொல்: அனுப்பாதீர்கள்.

2005ஆம் ஆண்டில் மூதூரிலிருந்து ஓர் ஏழைப் பெண் சவூதி அரேபியாவுக்குப் போனாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதித் தரகர் அனுப்பினர். போய்ச் சில வாரங்களிலேயே, அவள் கையிலிருந்த பச்சிளங் குழந்தை இறந்தது. பால் கொடுக்கையிற் புரையேறியதென்று அவள் சொன்னாள், கொலையென்று வழக்காயிற்று. விசாரணையின் தொடக்கத்தில் அவள் மொழியை ஒழுங்காகப் பெயர்த்துச் சொல்லக்கூட ஆளில்லை. சிறு பெண் என்று வாதாட முயன்றபோது, அவள் கடவுச்சீட்டே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இலங்கை அரசாங்கம் கருணை கேட்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் கேட்டார்கள். 2013 ஜனவரி 9ஆந் திகதி அவளுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. “வயதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று உங்கள் தரகர் சொன்னது இதைத்தான். பணிப்பெண்ணாகப் போவதற்குக் குறைந்த வயதை 2022இல் இருபத்தொன்றாக அரசாங்கம் வகுத்தது. பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்தொன்றாக்கி எழுதும் கை, அவளுக்குப் பின்னால் நிற்கவேண்டிய அரசாங்கத்தின் கண்ணையும் சேர்த்தே கட்டிவிடுகிறது. அவர் மறுபடியும் வந்தால், அவரது முகவர் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிடுவார்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இப்படியொரு துயரம் நேர்ந்தபோது நாடே கொதித்தெழுந்தது. 1995 மார்ச் மாதம் அந்நாட்டுப் பணிப்பெண் ஒருத்தி சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டாள். சில மாதங்களுக்குள் கடல் கடந்து உழைப்போருக்கென்று ஒரு தனிச் சட்டமே அங்கு இயற்றப்பட்டது. நம் நாட்டிலோ மூதூர்ப் பெண்ணுக்காகக் கவலைப்பட்டோம், பத்திரிகையில் எழுதினோம், வயதெல்லையை உயர்த்தினோம். கஷ்டம் வந்ததும் அதனைக் குறைத்தோம்.

இளைய மகளின் படிப்புக்கு உதவி வரும் வழிகள் உண்டு. பணியகத்திற் பதிவு செய்து வெளிநாடு சென்றோரின் பிள்ளைகளுக்கு ஐந்தாந் தரம், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பரீட்சைச் சித்திகளின் பேரிற் பணியகம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. அது பெற்றோர் சென்ற பிள்ளைகளுக்கானது. அக்காள் சென்ற தங்கைக்கு அன்று. ஆகவே அந்த நான்கு வயதுக் குழந்தையின் காலத்துக்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இளையவளுக்கு உகந்தது மேலே சொன்ன தோட்டத் தொழிலாளர் கல்வி நிதி. பாடசாலை அதிபரின் மூலம் விசாரிக்கலாம்.

இந்திய அரசாங்கம் பெருந்தோட்டப் பகுதிகளில் ஒன்பது பாடசாலைகளைத் திருத்தியமைக்க முதலில் 30 கோடி ரூபா ஒதுக்கி, 2024இல் அதனை இருமடங்காக்கியது. மத்திய மாகாணத்துக்கு ஆறு, ஊவாவுக்கும் தெற்குக்கும் சப்பிரகமுவாவுக்கும் ஒவ்வொன்று. பத்தாயிரம் வீடுகள் கட்டும் திட்டத்தின் முதற்பகுதி 2024 பெப்ரவரியில் தொடங்கியபோதும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. நன்றி சொல்ல வேண்டியதே. ஆனால் சப்பிரகமுவாவில் தமிழ் மொழியில் உயர்தரக் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்பும் பெண்பிள்ளை இன்னும் ஊர்விட்டு ஊர் போகவேண்டியிருக்கிறது. ஒரு கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசி முடிந்ததும் உதவி முடிந்துவிடுகிறது. இரசாயனவியல் ஆசிரியை ஒருத்தி ஐந்தாண்டு தங்கியிருப்பதற்கு எந்த நாடு உதவி தருகிறதோ, அந்த நாட்டை நாம் இன்னும் அதிகமாக மெச்சுவோம்.

அம்மையாருக்குத் தமிழில் ஒரு முறைப்பாட்டு மாதிரியைத் தபாலில் அனுப்பியுள்ளோம். மகளின் கடவுச்சீட்டு இலக்கம், எசமானரின் பெயர், சம்பளம் நின்ற மாதம் ஆகிய மூன்று இடங்களை நிரப்பினாற் போதும். கடவுச்சீட்டின் ஒளிப்படப் பிரதி வீட்டில் இல்லையென்றால், போகும்போது விமான நிலையத்தில் எடுத்த படங்களிற் பாருங்கள். பல பிள்ளைகள் கடவுச்சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டே படம் எடுத்திருப்பார்கள். இளைய மகள் அதைத் தேடட்டும். உயர்தரப் பரீட்சைக்கு அவள் எடுத்திருக்கும் பாடங்கள் எவை என்பதைக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டாள். அடுத்த கடிதத்தில் எழுதுவாளாக.